ஒன்பது நாற்பதின் குற்றவாளி

"என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் ஓர் இனம். "யார் செய்தது?" என்று கேட்பவர்கள் வேறோர் இனம். நாம் பார்க்கப்போவது இரண்டாவதை.

உங்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். காபி இயந்திரம் ஒழுகினாலும் சரி, அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கினாலும் சரி, பனிக்காலம் பத்து நாள் கூடுதலாக நீண்டாலும் சரி, இவர் பழுதைப் பார்க்கமாட்டார். சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் பார்ப்பார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, வட்டத்தை முடிக்கும்போது ஒரே ஒரு முகம் பாக்கியிருக்கும். அதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். அது கைவசம் இல்லாததால் விட்டுவிடுவார்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்று பின்லாந்தின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் காந்த ஆய்வகத்தில் உண்டு. பெயர் டாக்டர் தௌனோ ஹெய்க்கா. கெட்டிக்காரர், நேர்மையானவர், இருபத்தேழு வருட சர்வீஸ். பூமியின் காந்தப்புலம் நொடிக்கு நொடி எப்படி அசைகிறது என்று அளப்பது அவர் வேலை. சூரியன் ஒரு தும்மல் போட்டால் அவர் திரையில் கோடு துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான், செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறப்போகிறது, ஜாக்கிரதை என்று தெற்கே இருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். பொறுப்பான வேலைதான், யார் இல்லையென்றது?

அளக்கும் கருவி காட்டுக்குள் ஒரு மரக்குடிலில் தனியாக வாழ்கிறது. இரும்பு பக்கத்தில் வந்தால் அளவு பிசகும் என்பதால் குடிலில் மருந்துக்குக்கூட இரும்பு கிடையாது, ஆணியெல்லாம் செம்பு. பக்கத்தில் போகிறவர் சாவி, பெல்ட், இடுப்புக் கத்தி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இடுப்பில் கத்தி இல்லாமல் காட்டுக்குள் நடப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு, நம் பக்கத்து ஆளுக்கு வேட்டி அவிழ்ந்தது மாதிரி. இருந்தாலும் எல்லோரும் கட்டுப்பட்டார்கள். தௌனோவுக்கு மட்டும் திருப்தியில்லை. மனிதர்கள் மறைப்பார்கள் அல்லவா? ஜனவரி மாதம் கட்டைவிரல் பருமனில் ஒரு காந்தத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதிரில் வருகிறவர்களின் பொத்தானிலும் ஜிப்பிலும் காலணிக் கொக்கியிலும் அதை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு. பிடிபட்டான் திருடன்!

அதே ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது நாற்பதுக்குத் திரையில் கோடு விசுக்கென்று எழும்பி, மூன்று நிமிடம் நின்று, இறங்கியது.

ஒன்பது நாற்பதுக்குத்தான் தௌனோ குடிலைப் பார்வையிடப் போவார். உங்களுக்கு இப்போதே விஷயம் புரிந்துவிட்டது. சபாஷ். ஆனால் நீங்கள் சும்மா படித்துக்கொண்டிருப்பவர். அவரோ விசாரணை அதிகாரி. விசாரணை அதிகாரிக்கு இதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் புரியாது.

முதலில் மாட்டியவர் சமையற்கூடத்து ரைலி. அவருடைய சூப் கரண்டி பறிமுதலாயிற்று.

"ஏன் மகராசா, கிச்சனுக்கும் காட்டுக்கும் நடுவுல அரை கிலோமீட்டர் இருக்கு. என் கரண்டி அவ்ளோ நீளமா?" என்றார் ரைலி.

"நீளம் முக்கியமில்ல ரைலி. எண்ணம்தான் முக்கியம்."

ரைலி மரக்கரண்டிக்கு மாறினார். கோடு எழும்பியது. அடுத்து சிர்க்கு என்ற இளம் விஞ்ஞானியின் மூக்குக்கண்ணாடி. அவள் பிளாஸ்டிக் சட்டம் வாங்கினாள். கோடு எழும்பியது. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று தௌனோ தினம் இரண்டு முறை குடிலுக்குப் போகத் தொடங்கினார். கோடும் தினம் இரண்டு முறை எழும்பியது.

"பாத்தியா, பெருகுது!" என்றார் சிர்க்குவிடம். "நான் எப்ப போறேன்னு பாத்துக்கிட்டே செய்றான் எவனோ."

சிர்க்குவுக்கு அப்போதே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. நடுவில் ஒரு வாரம் தௌனோ கருத்தரங்குக்காக ஔலு நகரத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"தௌனோ, நீங்க இல்லாத வாரம் ஒண்ணுமே வரலை. கோடு சும்மா தண்ணி மாதிரி இருந்துச்சு."

"ஆகா!" தௌனோ மேசையைத் தட்டினார். "அப்ப நான் ஊர்ல இல்லங்கறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படின்னா உள்ளூர்க்காரன்!"

இப்படிப்பட்ட மூளையோடு எப்படி வாதாடுவது? சிர்க்கு அந்த ஊர் வழக்கப்படி தன் காபியில் போட்டிருந்த பாலாடைக்கட்டித் துண்டைக் கரண்டியால் அழுத்தினாள்.

உள்ளூர்க்காரன் என்றால் ஒரே ஆள்தான். அஸ்லாக். கலைமான் வளர்ப்பவன், தௌனோவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். தினமும் காலையில் பனி ஸ்கூட்டரில் தீவனம் ஏற்றிக்கொண்டு, குடிலுக்குப் பின்னால் நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் பழைய பாதையில் மந்தைக்குப் போவான். எத்தனை மணிக்கு? ஒன்பதரை, ஒன்பதே முக்கால். போதாதா? அந்தப் பாதையை மூடவேண்டும் என்று தௌனோ நகராட்சிக்குப் பதினொரு பக்கத்தில், வரைபடங்களோடு மனு எழுதிவிட்டார். பாதையை மூடினால் அஸ்லாக் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். தினம் பதினெட்டு கிலோமீட்டர் அதிகம். குட்டி போடும் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் மந்தைக்குத் தாமதமாகப் போய்ச் சேருவதென்றால் குட்டிகளைத் தொலைத்துவிட்டுத்தான் போய்ச் சேரவேண்டும். அஸ்லாக் சிரித்த முகக்காரன், ஆனால் அந்த மார்ச் மாதம் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அது யாருக்கும் நல்லதாகப் படவில்லை.

ஒரு வியாழக்கிழமை நகராட்சித் தலைவி ஹில்க்கா நேரில் வந்தார். ஆய்வகத்தின் திரைக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். அஸ்லாக் தன் ஸ்கூட்டரில் பாதையைக் கடக்கவேண்டும், கோடு எழும்பவேண்டும், தலைவி கையெழுத்துப் போடவேண்டும், இதுதான் ஏற்பாடு. தௌனோ கையில் ஒரு குச்சியோடு திரையருகே நின்றார்.

வெளியே ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு போனது. கோடு படுத்துக் கிடந்தது.

"வேணும்னே மெதுவா போறான்," என்றார் தௌனோ. "இன்னொரு தடவை வரச் சொல்லுங்க."

அஸ்லாக் முழு வேகத்தில் திரும்பி வந்தான். பைன் மரங்களிலிருந்து பனி உதிர்ந்தது. கோடு அசையவில்லை.

"ஏம்ப்பா தௌனோ, மூணாவது தடவையும் போகவா? இல்ல மான்களையும் கூட்டிக்கிட்டு வந்து ஆடச் சொல்லவா?" கதவில் சாய்ந்தபடி கேட்டான் அஸ்லாக்.

"கருவியில ஏதோ கைவச்சிருக்காங்க!" தௌனோவின் கழுத்து சிவந்துவிட்டது. "இருங்க, நானே போய்ப் பாத்துட்டு வரேன்."

பெல்ட்டைக் கழற்றினார். சாவியை வைத்தார். கத்தியை வைத்தார். கைக்கடிகாரத்தைக்கூட வைத்துவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பனியில் விடுவிடுவென்று நடந்தார். அவர் குடிலை நெருங்க நெருங்கத் திரையில் கோடு எழுந்தது. கதவைத் திறந்தபோது உச்சிக்குப் போனது. உள்ளே அவர் கருவியைச் சுற்றி வந்தபோது கோடும் கூடவே நெளிந்தது. திரும்பி நடந்தபோது சாதுவாக இறங்கிவிட்டது.  திரைக்கு முன்னால் ரைலி மரக்கரண்டியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தௌனோ மூச்சிரைக்க உள்ளே வந்தார். "வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள் சிர்க்கு.

"நான் சொல்லலை! எப்ப?"

"நீங்க கதவைத் தொறந்தப்ப."

"அப்ப யாரு பக்கத்துல இருந்தா?"

சிர்க்கு அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். ஹில்க்காதான் கேட்டார், மிகவும் மரியாதையாக: "அந்தச் சட்டைப்பையில என்ன வச்சிருக்கீங்க, டாக்டர்?"

"இதுவா? இது இரும்பு கண்டுபிடிக்கிற காந்…"

வாக்கியம் அங்கேயே நின்றது. இருபத்தேழு வருடம் காந்தத்தோடு குடித்தனம் நடத்திய மனிதர், உள்ளங்கையிலிருந்த அந்தச் சனியனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். காதுகள் இரண்டும் செங்கல் நிறத்துக்கு வந்தன.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அவர் மழுப்பவில்லை. பதிவேட்டை எடுத்தார். ஜனவரி முதல் அன்றுவரை எழும்பிய நூற்றுச்சொச்சம் கோடுகளுக்கும் எதிரே, காரணம் என்ற கட்டத்தில், "தௌ. ஹெய்க்காவின் சட்டைப்பைக் காந்தம்" என்று தன் அழகான கையெழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். பதினொரு பக்க மனுவைத் தலைவியின் கையிலிருந்து வாங்கி அடுப்பில் போட்டார். அஸ்லாக்கின் முன்னால் போய் நின்றார்.

"மன்னிச்சிரு அஸ்லாக். பாதை உன்னோடது."

"பாதை கெடக்கட்டும்ப்பா, மொதல்ல பெல்ட்டைப் போடு," என்றான் அஸ்லாக். அன்றைக்குத்தான் அவன் சிரித்தான், ஜன்னல் அதிரும்படி. எனக்கும் அதைக் கேட்டு மனசு நிறைந்துவிட்டது.

ரைலி காபி ஊற்றினார். இலவங்கப்பட்டை ரொட்டி வந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். தௌனோ ஒரு வாய் குடித்தார், இரண்டாவது வாய் குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார். நெற்றி மெல்லச் சுருங்கியது.

"ஆனா ஒண்ணு கேக்கறேன்," என்றார். "இத்தனை நாளா என்னைச் சோதனை போடாம உள்ள விட்டது யாரு?"

பிறகு சிர்க்குவின் முகத்தைப் பார்த்தார். ரைலியின் முகத்தைப் பார்த்தார். அஸ்லாக்கின் முகத்தைப் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்கும்போது உங்கள் மனதில் ஒரு முகம் வந்து போயிருக்குமே? இரண்டு மேசை தள்ளி உட்காருகிறாரே, அவருடையதா? மைத்துனருடையதா? இதை அவருக்கு உடனே அனுப்பிவைக்கவேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். அவர் இதை நேற்றே படித்துவிட்டு, உங்களுக்கு அனுப்ப உங்கள் முகவரியைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.