புரூனோ பிடித்த ஒருசந்தி

மன்னார்த் தீவில் மனிதரை மாடாகவும், கிழட்டு மிருகங்களை மாமனாராகவும் நடத்திய ஒரே ஆள் எங்கள் ஐஸ்காரர்தான். தாழ்வுபாட்டு மீன்வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோகிறவர். பங்குச் சாமியாரைத் தவிர, பள்ளிக்கூட மாஸ்டரான நான் உட்பட ஊரில் எல்லோரும் அவருக்கு "டேய்"தான். வயதுபோன நாய், ஆடு, கழுதை என்றால் மட்டும் "வாங்கோ, இருங்கோ." தன் கிழக்கழுதையின் கொட்டிலுக்குள் ஒரு முறை இருமிவிட்டுத்தான் நுழைவார். வெயிலில் குடையை அதற்குப் பிடித்து, தான் வேர்த்து ஒழுகியபடி நடப்பார்.

எங்கள் நாய் புரூனோவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று, அது சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. பக்கத்து வீட்டு மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாரும் தம்பி, நாயே ஒருசந்தி பிடிக்குது! நீர் பணிசைத் திண்டுகொண்டு நிக்கிறீர்."

நோன்பிருக்கும் நாயைப் பார்க்கத் தெருவே வந்தது. எனக்கும் உள்ளூரப் பெருமை. மனைவிதான், "உங்களுக்கு வராத பக்தி அதுக்கு எங்கால வந்தது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை என் எட்டு வயது மகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளினாள்.

"புரூனோ சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவன்."

காலையும் இல்லை, மத்தியானமும் இல்லை. ஒரு வாய்ச் சோற்றுக்காகக் குரங்காட்டம்கூட ஆடிப் பார்த்தேன். பின்னேரம் அவள் கதிரையில் வாடிச் சுருண்டு கிடந்ததைக் கண்டதும் ஓடிப்போய் ஐஸ்காரரை ஐஸ் வண்டியோடு கூட்டி வந்தேன்.

"ஐயா, ஒருக்கா வாயைத் திறவுங்கோ" என்று புரூனோவிடம் கெஞ்சினார். பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"டேய் மாஸ்டர்! கடவாய்ப்பல் ஆடுது, பல்லு முரசு வீங்கிக் கிடக்கு. இதுக்குப் பேர் ஒருசந்தியோடா? இந்த வயசில ஐயாவை வெறும் சீமெந்தில வேற படுக்க விட்டிருக்கிறாய். உன்ர தலகணியைக் கொண்டா!"

கொண்டுவந்தேன். ஆடிய பல் அவர் விரலோடு வந்தது. புரூனோ நன்றியோடு என்னைக் கடித்தது. அந்தப் பக்கம் பல்லில்லாத வெறும் முரசு, வலிக்கவில்லை.

"நாளைக்கே மிருக டொக்டரிட்டைக் காட்டு" என்றபடி மீனை அவித்து, முள் எடுத்து, கஞ்சியில் பிசைந்தார். ஒரு கோப்பை புரூனோவுக்கு, ஒரு கோப்பை மகளுக்கு. நாய் நக்கியது. மகள் வாயைத் திறந்தாள். நான் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

வெளியே அவருடைய ஐஸ் முழுவதும் உருகி ஒழுங்கையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, ஐஸ்!"

"பேசாம இருடா. பிள்ளை சாப்பிடுறாள்."

மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் "பசிக்கேல்லை அப்பா" என்று அவள் சொல்லும்போதெல்லாம், அந்த மனிதரைக் கையோடு கூட்டிப்போய் அவள் வாசலில் நிறுத்த வேண்டும் போலிருக்கும்.