காலரைத் தொடாத தாய்மாமன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கேமராவும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்கத்தான் ஐந்து நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுப்பதில்லை. அதனால் கடிதம். இதையும் பிரிக்காமல் மூலையில் போட்டுவிடாதே. அத்தான் உன்னிடம் சொன்னது பாதிதான்.

என் ஸ்டுடியோ சுவரில் ஒரு அட்டையில் நான்கு வரி எழுதி மாட்டியிருக்கிறேன். பதினெட்டு வயது ஆகாத யார் வந்தாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். நான் யாரையும் தொட மாட்டேன், வாயால் சொல்வேன், இல்லாவிட்டால் செய்து காட்டுவேன். படம் பெற்றோர் போனுக்குத்தான் போகும். பிள்ளை வேண்டாமென்றால் அந்தப் படத்தைக் கடையில் மாட்ட மாட்டேன். சொந்தக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று ஐந்தாவது வரி கிடையாது. அத்தனை கலாட்டாவுக்கும் அதுதான் காரணம்.

அத்தான் மகளோடு வந்ததும் ஏசிக்கு நேராக இருந்த நாற்காலியில் சாய்ந்தார், நான் விளக்கைச் சரிசெய்து திரும்புவதற்குள் குறட்டை வந்துவிட்டது, தூங்குகிற பெரியவர் கணக்கில் சேர்வாரா என்று யோசித்தேன், சேர மாட்டார் என்று பட்டது, எழுப்பினேன். "இங்கதானேப்பா இருக்கேன்!" என்றார். "இருக்கீங்க அத்தான், ஆனா முழிச்சிருக்கணும்" என்றேன். உன் மகளின் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. "அத்தான், காலரைக் கொஞ்சம் எடுத்துவிடுங்க" என்றதும் தூக்கக் கலக்கத்தில் தன் காலரை எடுத்துவிட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடிவிட்டார். மூன்றாம் முறை எழுப்பியபோது கோபம் வந்து, டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே நடந்தார். பெரியவர் இல்லாத அறையில் எனக்கென்ன வேலை? நானும் பின்னாலேயே வந்துவிட்டேன், உன் மகளும் வந்துவிட்டாள். மூவரும் தெருவில் நிற்பதைப் பார்த்த பக்கத்துக் கடைத் தையல்காரர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியோடு ஓடிவந்தார்.

"பெத்தவன் நானே நம்புறேன், தாய்மாமன் உனக்கு என்ன வந்துச்சு? எங்களை யாரோ மாதிரி நடத்துறே!" என்று அத்தான் தெருவிலேயே கத்தினார். இந்த இடம் வரைக்கும் உன்னிடம் சொல்லியிருப்பார். அடுத்தது இது. உன் மகள் சொன்னாள்: "அப்பா, மாமா பண்றதுதான் சரி. ஸ்கூல்ல படம் எடுத்தவர் கேக்காமலே என் முடியை ஒதுக்கிவிட்டு, முகத்தைப் பிடிச்சுத் திருப்பினார். எனக்குப் பிடிக்கலை. எல்லாரும் வரிசையில நின்னாங்க, அதான் சொல்லலை."

அத்தானின் தூக்கம் அதோடு போயிற்று. உள்ளே வந்து, அவளைக் கேட்டுவிட்டு, காலரைச் சரிசெய்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். பிறகு நான் கன்னத்தில் கைவைத்து, தலையைச் சாய்த்து, தோளைத் திருப்பி எல்லாம் செய்து காட்ட, அவள் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தாள். முப்பத்திரண்டு படம். இருபது வருஷத்தில் இவ்வளவு அருமையாக நான் எடுத்ததில்லை.

அக்கா, நம் வீட்டுப் பிள்ளைக்காக அந்த வரிகளைத் தளர்த்தினால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் அட்டைதான். இதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆனால் நீ பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தம்பி

பி.கு.: படங்களை உன் போனுக்கு அனுப்பலாமென்று இப்போதுதான் திறந்தேன். நான் செய்து காட்டியதெல்லாம் கேமராவுக்கும் அவளுக்கும் நடுவே நின்று. அமுக்குகிற ரிமோட் என் கையில். முப்பத்திரண்டிலும் என் வழுக்கை துல்லியமாக விழுந்திருக்கிறது. சிலவற்றில் உன் மகளின் ஒரு காது தெரிகிறது. எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். அத்தானிடம் போனில் சொன்னேன், மறுபடியும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்கிறார். பெரியவர் யாராவது வந்துதான் ஆக வேண்டும். நீயே வா, அக்கா.