ஜாய்ஸ் வேலையை விட்ட விவரம்

திருப்போரூர்
18.4.2007

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் சின்னையன் அவர்களுக்கு,

தர்மராஜ் தோத்திரத்துடன் எழுதுவது. தங்கள் தங்கை பாப்பாவும் தங்கள் மருமகள் ஜாய்ஸும் நானும் சுகம். கடப்பாக்கத்தில் தங்கள் முட்டிவலி குறைந்திருக்க ஜெபிக்கிறோம். போனிலேயே சொல்லியிருப்பேன், நான் ஒரு வரி சொல்வதற்குள் தங்கள் தங்கை ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வதால் இந்தக் கடிதம்.

நிற்க. தாங்கள் பார்த்துத் தந்த இடத்தில், ஜெரோம் மாப்பிள்ளையின் தாயார் சாராளம்மா, 'சிறுசேரி கம்பெனிப் பெண்' என்ற ஒரே காரணத்துக்காகத்தானே சம்மதித்தார்கள்? அந்த வேலையை ஜாய்ஸ் நிச்சயம் முடிந்த மறுவாரமே விட்டுவிட்டாள். பதறாதீங்க, முழுசா படிங்க. எல்லாம் அந்தக் கம்பெனி வேனால வந்த வினை. நம்ம வூட்லேர்ந்து சிறுசேரி இன்னா தூரம்? வேன்காரன் விடியக்காலம் இவளத்தான் முதல்ல ஏத்துவான், ஏத்திகினு மாமல்லபுரம் போவான், அங்க ஒரு பொண்ணு தலை வாரி முடிக்கிற வரிக்கும் நிப்பான், திரும்பி நம்ம வாசல் வழியாவே சிறுசேரிக்குப் போவான். நான் பல்லு வெளக்கிகினே ரெண்டாவது வாட்டி கைய ஆட்டுவேன். ஆபீஸ்ல கேட்டா, "ரூட்டு அப்படித்தான்"னாங்களாம். "யாரை எப்ப ஏத்தணும்னு டிரைவர் செல்லுக்கே மெசேஜ் போற மாதிரி நான் ஒரு சாப்ட்வேர் எழுதித் தரேன்"னு இவ சொல்ல, அங்க ஒரு ஆபீசரு, "உன் வேலைய மட்டும் பாரும்மா"ன்னுட்டாராம். ரோஷம் பொத்துகினு வந்துச்சு, உன் தங்கச்சி பெத்ததாச்சே! ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா.

சாராளம்மாவுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும். அதனால தெனம் வேலைக்குப் போறா மாதிரியே அனுப்பினேன். கழுத்துல தொங்குற அட்டைய கம்பெனிக்காரன் வாங்கிக்கினான், வெறுங்கழுத்தோட எப்படி அனுப்புறது? சண்டே ஸ்கூல் டீச்சர் பேட்ஜைத் திருப்பிப் போட்டு மாட்டிவுட்டேன். அவ கேளம்பாக்கத்துல டிபன் கடை மாடில ரூம் எடுத்து, கம்ப்யூட்டர் முன்னாடி இன்னாத்தயோ தட்டிகினு இருந்தா. ஒருநாள் நான் இவள பஸ் ஏத்திவுடப் போனப்ப, பஸ் ஸ்டாண்டுல சாராளம்மா எதிர்ல வந்துட்டாங்க. அந்நேரம் பாத்து காத்துல பேட்ஜ் திரும்பிச்சு: 'இயேசு உன்னை நேசிக்கிறார்'. நான் செத்தேன்னு நெனச்சேன். அந்தம்மா கண்ணு கலங்கி, "அல்லேலூயா, கர்த்தரோட ஊழியக்காரங்க நடத்துற கம்பெனியா! நான் வந்து பாக்கணுமே"ன்னுச்சு. இவ சிரிச்சிகினே, "வாங்கத்தே"ன்னுட்டா!

போன வாரம் அந்தம்மாவக் கூட்டிகினு போனேன். டிபன் கடை வாசல்ல பாத்தா வரிசையா வேனுங்க. படூர், நாவலூர் வேன் ஓனருங்கல்லாம் இவ சாப்ட்வேரத்தான் வெச்சிகினு கீறாங்களாம், பெத்த அப்பன் எனுக்கே தெரியாது! மேல போனா, "உன் வேலைய பாரும்மா"ன்ன அதே ஆபீசரு ஸ்டூல்ல காத்துகினு கீறாரு. அவங்க கம்பெனிக்கும் அதே வேணுமாம். சாராளம்மா, "இங்க முதலாளி யாரு?"ன்னுச்சு. ஜாய்ஸ் பட்டுனு, "நான்தான் அத்தே. அந்த வேலைய எப்பவோ விட்டுட்டேன்"ன்னா. அந்தம்மா என்னிய மொறச்சுது. அப்பால, "இன்னா சம்பந்தி, முதலாளிய சம்பளக்காரின்னு சொல்லி ஏமாத்திட்டியே"ன்னு சிரிச்சுது பாரு, அப்பாடா! அன்னிக்குத்தான் மச்சான் நான் குறட்டை வுட்டுத் தூங்கினேன். உன் தங்கச்சிதான் தூங்கலியாம்.

ஆகவே, கல்யாணம் மே மாதம் குறித்த நாளில் தடையின்றி நடக்கும். கர்த்தர் தங்கள் குடும்பத்தையும் தங்கள் முட்டியையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
கவலை தீர்ந்த தங்கள் மைத்துனர்,
தர்மராஜ்

பின்குறிப்பு: கவர ஒட்டறதுக்குள்ள ஜெரோம் மாப்ள வந்து நிக்கிறாரு, மூஞ்சி சுண்டிப் போச்சு. நம்ம பொண்ணு கம்பெனில சேரலாம்னு மறைமலைநகர் வேலைய விட்டுட்டாராம். இவ இன்டர்வியூ வெச்சு, "தேறல, அடுத்த வருஷம் பாக்கலாம்"ன்னு அனுப்பிட்டாளாம். கோயில்ல ரெண்டு வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு, வர்ற ஞாயிறு மூணாவது. "ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்"னு பாஸ்டர் கேப்பாரு. மாப்ள கைய தூக்கிடாம நான் புடிச்சிக்கிறேன், சாராளம்மா கைய பாப்பா புடிச்சிக்குவா. ஜாய்ஸ் கைய புடிக்க ஆளில்ல, நீ சனிக்கெழமயே வந்துடு.