இடம் மாறிய ஈரல்

கடைசிப் படத்தில் ஈரல் தப்பான பக்கம் இருந்தது.

புதுசு திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள். சேர்ந்து மாதக்கணக்காகியும் ஆராய்ச்சி அறையில் அவளுக்கு அதுதான் பெயர். ஆரோக்கியமான ஆட்களின் வயிற்று ஸ்கேனைத் திரையில் விரித்து, ஈரலின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே பச்சை வண்ணம் அடிப்பது அவள் வேலை. அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே ஈரலை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். இன்று சாயங்காலம் படங்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் அவள் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நாளையிலிருந்து வீடு.

"அக்கா, இந்த ஆளுக்கு ஈரல் இடப்பக்கம் இருக்கு."

பக்கத்து நாற்காலி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படம் திரும்பியிருக்கும். இடம் வலமா மாத்திப் போடு."

மாற்றிப் போட்டாள். ஈரல் சமர்த்தாக வலப்பக்கம் வந்தது. பச்சை மட்டும் பழைய இடத்திலேயே, இரைப்பையின்மேல் உட்கார்ந்திருந்தது.

"கலர் வரலையே அக்கா!"

"அதையும் திருப்பு."

'எல்லாப் படங்களுக்குமா?' என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. பதற்றத்தில் ஆமாம் என்று தட்டிவிட்டாள். மற்ற அத்தனை பேரின் பச்சையும் ஈரலை விட்டு எதிர்ப்பக்கம் தாவியது.

"ஐயோ அக்கா!"

"கத்தாதே. எல்லாப் படத்தையும் திருப்பிடு, சரியாப் போயிடும்."

போனது. பச்சையும் ஈரலும் ஒன்று சேர்ந்தன. ஆனால் இப்போது எல்லாருக்குமே ஈரல் இடப்பக்கம். அந்தக் கடைசி ஆளுக்கோ ஈரல் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்.

அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் உள்ளே வந்தார். கம்ப்யூட்டரில் புலி, கோபத்தில் அதைவிடப் பெரிய புலி.

"என்னம்மா இது? ஈரல் வலப்பக்கம்னு ஸ்கூல் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! உன்னை எவன் வேலைக்கு எடுத்தான்?"

எடுத்தவர் அவர்தான். யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அக்கா, மத்தியானம் எடுத்து வைத்திருந்த நகலை மெதுவாகத் திறந்தாள். எல்லாம் பழையபடி வந்தன. கடைசிப் படமும் பழையபடி, இடப்பக்க ஈரலோடு வந்தது.

"வரும்போதே இப்படித்தான் சார் இருந்துச்சு," என்றாள் புதுசு. 

"ஸ்கேன் எடுத்த ஆளைக் கூப்பிடு!"

ஸ்கேன் ஆபரேட்டர் வந்தார். படத்தின் மூலையில் இடம் வலம் காட்டும் குறியை நிதானமாகப் பார்த்தார்.

"படத்துல ஒரு தப்பும் இல்ல சார். இந்தப் பொண்ணு அடிச்ச கலரும் சரி. சில பேருக்குப் பொறக்கும்போதே உள்ள எல்லாம் பக்கம் மாறி இருக்கும். அதனால ஒண்ணும் ஆகாது, நூறு வயசு இருப்பாங்க."

புதுசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொப்பென்று நாற்காலியில் விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். அக்கா அவள் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தாள்.

தலைவரும் இறங்கி வந்தார். "சரி, அனுப்பும்மா. உன் வேலை உனக்குத்தான்." ஆனாலும் மிச்சமிருந்த கோபத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். "யாருய்யா அந்தத் தலைகீழ்ப் பிறவி? எல்லாரையும் இந்தப் பாடு படுத்திட்டானே!"

ஆபரேட்டர் தயங்கினார்.

"நீங்கதான் சார். அன்னிக்கு வர வேண்டிய ஆள் வரலைன்னு நீங்களே வந்து படுத்தீங்களே!"