தான்யுலின் வயதும் அரசாங்கத்தின் தயாளமும்

கோஜே தீவின் கப்பல் கட்டும் தளத்தில் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் மகன் தொக்சூவுக்கு, உன் சித்தப்பா தாக் மான்போக் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் மனைவி பித்னாவும், உன் மகன் தான்யுலும் சுகம். அங்கே நீயும் உன் வெல்டிங் கண்ணாடியும் நான் அனுப்பிய கிம்ச்சி ஊறுகாய் டப்பாவும் சுகமாக இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நிற்க. பல் மருத்துவமனையில் பித்னாவின் வேலை ஊசலாடுவது உனக்குத் தெரியும். மாதக் கடைசிக்குள் பிள்ளைக்கு ஓர் ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாராம். "கவலைப்படாதே, அரசாங்கம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது?" என்று நெஞ்சைத் தட்டிவிட்டு, தான்யுலைத் தோளில் ஏற்றிக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் படையெடுத்தேன். அங்கே மீசை முளைக்காத ஓர் அதிகாரி. "ஐயா, பிள்ளை காப்பகத்துக்குப் போனா காப்பகத்துக்குப் பணம் கொடுப்போம். சொந்தக்காரர் வீட்ல வச்சுப் பாத்துக்கிட்டா அவருக்குக் கொடுப்போம். ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான்" என்றார். அடடா, என்ன தயாளம்! அந்தச் சொந்தக்காரர் நானே என்று தலைப்பாகை இல்லாத ராஜாவாக நிமிர்ந்தேன். "பிள்ளைக்கு என்ன வயசு?" "நாலு!" "நாலு வயசுக்குச் சொந்தக்காரர் உதவி கிடையாதே ஐயா. காப்பகம்தான்."

நான் சொன்னதில் என்ன தப்பு? டிசம்பர் கடைசியில் பிறந்தான். பிறந்தவுடன் ஒன்று. அந்த வாரமே அரிசி வில்லைச் சூப்போடு புத்தாண்டு வந்தது, இரண்டு. அப்புறம் இரண்டு புத்தாண்டு, இரண்டு சூப். மொத்தம் நாலு. நம் முப்பாட்டன் காலத்திலிருந்து மனிதனுக்கு இப்படித்தானே, புத்தாண்டுக்கு ஒன்றாக, வயது ஏறுகிறது?

அங்கிருந்து நேரே நாம்குங் அம்மாவின் காப்பகத்துக்குப் போனேன். அந்த அம்மா கண்ணீரால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். "நாலு வயசு வகுப்புல இடமே இல்ல பெரியவரே. ஆனா ரெண்டு வயசு வகுப்புக்கு ஒரே ஒரு பிள்ளை குறையுது. கிடைக்கலன்னா வகுப்புக்கு வர்ற அரசாங்கப் பணம் நின்னுடும், டீச்சரை வீட்டுக்கு அனுப்பணும், அப்புறம் காப்பகத்தையே மூடணும்." "இந்தக் காலத்துல ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எங்கம்மா போறது? யாரு பெத்துக்கிறாங்க?" என்றேன். இருவரும் சேர்ந்து நாட்டின் எதிர்காலத்துக்காக அழுதோம். நடுவில் உன் மகன் டயப்பரோடு உட்கார்ந்து கடற்பாசித் தாளை மென்றுகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பித்னா கையிலிருந்த கரண்டி பறந்தது. "சின்ன மாமா! அவனுக்கு ரெண்டு வயசு! பிறந்த நாள்ல இருந்துதான் கணக்கு! சட்டமே மாறிடுச்சு, எல்லாருக்கும் வயசு குறைஞ்சிடுச்சு!" "எனக்குமா?" "உங்களுக்கு வயசு குறைஞ்சிருக்கு, புத்தி அப்படியேதான் இருக்கு!" பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் பசியோடு இருந்ததால் மன்னித்தேன்.

மறுநாள், அதாவது இன்று காலை, தான்யுலைக் காப்பகத்தில் சேர்த்தோம். நாம்குங் அம்மா அவனைக் கண்டதும் போட்ட கூச்சலில் காப்பகம் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினைந்து மாடியும் ஜன்னலைத் திறந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பித்னா சிரித்தாள் தொக்சூ, நீ போனபின் முதல் தடவையாக. ஆகவே நீ நிம்மதியாக இரும்பை ஒட்டு. வீட்டை நான் ஒட்டிவிட்டேன்.

தீப்பொறி உன் பக்கம் திரும்பாமலும், மேஸ்திரியின் வாய் திறக்காமலும் நீ நீடூழி வாழ, தாக் குலத்தின் அணையா விளக்கும் அரசாங்க விவகாரங்களில் கரைகண்டவனுமான

உன் சித்தப்பா
மான்போக்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நாம்குங் அம்மா போன் செய்தார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க பெரியவரே? கம்ப்யூட்டர்ல பிள்ளை பேரையே காணோமே!" விஷயம் ஒன்றுமில்லை. முதல் நாள் என்று மதியமே பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். வயது இரண்டுதான் என்றானதும், சொந்தக்காரர் உதவியும் நமக்கு உண்டே என்று அப்போதே கைப்பேசியில் அதற்கும் ஒரு விண்ணப்பம் தட்டிவிட்டேன். கடைசியாகக் கேட்டதுதான் கணக்காம், காப்பகத்து இடம் போய்விட்டது. சரி, என் பணமாவது வருமா என்று அலுவலகத்தைக் கேட்டால், "காலையிலதான் காப்பகத்துல சேர்த்திருக்கீங்களே ஐயா, அதனால இது தள்ளுபடி" என்கிறார்கள். அங்கே கேட்டால் வீட்டில் இருக்கிறானாம், இங்கே கேட்டால் காப்பகத்தில் இருக்கிறானாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பித்னா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. இதைக் கண்டதும் பாலம் தாண்டி வரும் முதல் பஸ்ஸைப் பிடி. அரசாங்கக் கணக்கில் உன் மகன் இப்போது எங்குமே இல்லை. என் மடியில் மட்டும் இருக்கிறான். கடிதத்தின் மூலை கிழிந்திருந்தால், அதைத் தின்றது அவன்தான்.