மாப்பிள்ளை மேல் இனிச் சந்தேகமில்லை

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் சுகம். மூன்று மாதமாக இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் சுகமில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போனில், "பொண்ணுக்கு ஏன்யா இன்னும் எதுவும் அமையல?" என்று கேட்டீர்கள். அப்போது மென்று விழுங்கினேன். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் மருமகள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி அல்லவா? அவள் எழுதிக் கொண்டுவரும் அறிக்கையைச் சாயங்காலம் டைப் அடித்துக் கொடுப்பது, முப்பது வருஷம் டைப்பிஸ்டாகக் குப்பை கொட்டிய என் வேலை. இரண்டு மாதம் முன்பு இரண்டு தெரு தள்ளி ஒரு லாண்டரி தீப்பிடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடை மொத்தமும் போச்சு. கடைக்காரர் அதற்கு முந்தின மாதம்தான் பாலிசி எடுத்திருக்கிறார். தானே கொளுத்தினாரா என்று பார்க்க இவளை அனுப்பினார்கள். "நான் டீ குடிக்கப் போயிருந்தேன், கடையில ஒரு கஸ்டமர் தானே சட்டை தேய்ச்சுக்கிட்டு இருந்தார்" என்கிறார் அவர். யார் என்றால், "தெரியாம செஞ்சிருப்பார், விட்டுடுங்க மேடம், பேரைச் சொல்ல மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

ஒரு நாளில் முடிகிற விசாரணை ஏழு வாரம் இழுத்தது மச்சான். முதல் அறிக்கையில், "சந்தேக நபர் கேள்விகளைத் தவிர்க்கிறார்." இரண்டாவதில், "சந்தேக நபர் நீலச் சட்டை அணிந்திருந்தார். நன்றாக இருந்தது." ஒன்பதாவதில், "சந்தேக நபருக்குச் சளி. மருந்து வாங்கிக் கொடுத்து விசாரணையைத் தொடர்ந்தேன்." "என்னம்மா, இதையெல்லாம் மேனேஜர் படிப்பாரே!" என்றால், "எதையும் விடக் கூடாதுப்பா, நீங்க அடிங்க" என்கிறாள். ஒருநாள் அழுதேவிட்டாள். "அவர் பொய் சொல்றார்னா அவரும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம்ப்பா. ஆனா பொய் சொல்ற மாதிரி தெரியலையே!" எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

போன திங்கட்கிழமைதான் வயிற்றில் பால் வார்த்தார்கள். எதிர் மருந்துக்கடை கேமராவில், கடைக்காரர் டீயும் கையுமாக நிற்கிறார். அதே நேரம் லாண்டரியிலிருந்து கறுப்புக் குடை ஒன்று வெளியே வருகிறது, முகம் தெரியவில்லை. தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டு, பெட்டியை அணைக்காமல் போயிருக்கிறான் படுபாவி! தேய்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு சுவிட்சை அணைக்கத் தெரியாதா? என் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவேன். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு, அன்று சாயங்காலமே இவள் வெறுங்கையோடு போய், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். கேள்வி கேட்டே பழகியவள். இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் உடனே பதில் சொன்னாராம்.

நேற்று வீட்டுக்கு வந்தார். தங்கமான பிள்ளை. அப்பாடா என்று இருக்கிறது மச்சான். நீங்கள் முன்னால் நின்று நடத்தித் தர வேண்டும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கி எழுந்த
உங்கள் மைத்துனன்

பி.கு.: மேலே உள்ளது மகள் பக்கத்தில் இருக்கும்போது டைப் அடித்தது. அவள் ஆபீஸ் போனபின் இதைக் கையால் எழுதுகிறேன். அந்தக் குடை என்னுடையது. நான் தேய்த்தால்தான் எனக்குக் காலர் நிற்கும், உங்களுக்குத் தெரியாதா? "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க தம்பி, நானே தேய்ச்சுக்கறேன்" என்று அவரை அனுப்பியதே நான்தான். மகளிடம் சொல்ல வாயெடுத்தேன், நீலச் சட்டை அறிக்கை வந்துவிட்டது. சொன்னால் விசாரணை அன்றே முடியும், அப்புறம் கல்யாணம் ஏது? ஆனால் அவள் அழுத அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன், அது என் தப்பு. நேற்று மாப்பிள்ளை கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே உங்க சட்டைய நானே தேய்ச்சுத் தர்றேன் மாமா" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம். நெருப்பு என்றால் உங்கள் மருமகள் விசாரணைக்கு வந்துவிடுவாள்.