கம்ப்ரசர் வீட்டுக்கு வந்த ஆர்கன்

கும்மிடிப்பூண்டி பக்கம் காற்றையே மிரட்டி வேலை வாங்கிய ஆள் ஒருவர்தான். எங்கள் கம்ப்ரசர். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காற்று அழுத்தும் மிஷினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மிஷின் பேரே அவர் பேராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் பேண்டு செட்டுக்கு மாஸ்டர். கல்யாணம், சாவு, சர்ச் திருவிழா, எல்லாவற்றுக்கும் போவோம். நான் கிளாரினெட்; மற்ற நாளில் அதே கம்பெனியில் வேலை.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய சர்ச்சில் பெருக்கித் துடைத்தவர். அங்கே சுவர் உயரத்துக்குக் குழாய் வைத்த ஆர்கன் உண்டு. அதில் ஒருவர் பழைய ஜெர்மன்காரர் எழுதிய பாட்டைப் பழகுவாராம். தரை அதிருமாம். அக்கா வேலையை விட்டுவிட்டு நிற்பாராம்.

இப்போது அக்காவுக்கு முதுகு போய்விட்டது. கட்டிலோடு சரி. சென்னைக்கு எங்கே போவது? கம்ப்ரசர் அந்தப் பாட்டை செல்போனில் தேடிப் போட்டுக் காட்டினார்.

"இன்னாயா இது, கொசு பாடுது" என்றார் அக்கா.

அன்றைக்குக் கம்ப்ரசருக்குப் பைத்தியம் பிடித்தது. ஆர்கனையே வீட்டுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். எங்களை வைத்து.

ஆர்கனுக்கு மூச்சு வாங்காது. எங்களுக்கு வாங்கும். முதல் நாளே டிரம்பெட் ஊதுகிற பையன் கண் சொருகி உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, இது மனுசன் ஊதுற பாட்டு இல்ல."

"எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுத்தா எப்படி நைனா? நீ இழுக்க சொல்ல அவன் ஊதணும். தனியா நீ ஆர்கன் இல்ல. நாம எல்லாம் சேந்துதான் ஆர்கன்."

யார் எங்கே மூச்சு எடுப்பது என்று ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்தார். தும்மலுக்கு இடம் கொடுக்கவில்லை.

அந்தப் பாட்டு மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து வருவது போலத் தொடங்கிப் பெருகிக்கொண்டே போகும். ஆர்கனில் அதற்கென்றே பலகைக் கதவு இருக்கிறதாம். எங்களிடம் ஏது? டிரம்பெட்காரர்களைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். ஊதிக்கொண்டே மெதுவாகத் திரும்ப வேண்டும். ஒருவன் அவசரப்பட்டுத் திரும்பினான்.

"கதவை ஒடச்சிட்டியேடா!" என்று கத்தினார்.

ஒரு ஞாயிறு மதியம். மணவாள நகரில் அவர் வீட்டு வாசலில் யூனிஃபார்மோடு நின்றோம். சுவரைப் பார்த்துத் தொடங்கினோம்.

அங்கேதான் பேஜார். வீட்டு வாசலில் பேண்டு செட் மெதுவாக வாசித்தால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம். டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். எதிர்வீட்டு அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒருவர் ரோஜா மாலையோடு வந்து என் காதில் கேட்டார்.

"எப்ப ஆச்சு?"

என் வாயில் கிளாரினெட்.

கம்ப்ரசர் கையை நிறுத்தவில்லை. தாடையால் "போ, போ" என்று காட்டினார். மாலைக்காரர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். சத்தமாகவே கேட்டார்.

"பாடிய எங்க வச்சிகீறீங்க?"

உள்ளே இருந்து அக்கா குரல்.

"பாடி பாட்டு கேட்டுக்கினு கீது! கம்முனு இருய்யா!"

பெரிய பேஸ் குழல் ஊதுகிறவர் சிரித்துவிட்டார். கடைசி நீள நோட்டை அடியில் தாங்க வேண்டியவர் அவர்தான். காற்று போயிற்று. தரை அதிர வேண்டிய இடத்தில் 'புஸ்' என்றது.

கம்ப்ரசர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"அடி நோட்டு பூட்சும்மா."

"போனா போவுது வுடு. அதுக்கு முன்னாலயே கட்டிலு ஆடிச்சு. நான் புடிச்சிக்கினேன்."

அக்கா வாசல் பக்கம் பார்த்தார்.

"யோவ் மால, அத்த ஏன் வாட வுடற? இவருக்குப் போடு."

போட்டார்.

அன்று சாயங்காலம் நைட் ஷிப்டுக்கு, கம்ப்ரசர் அந்த மாலையோடுதான் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டேன். அதை நான் யாருக்கும் விடுவதில்லை.